இடுப்புச் சாவி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக உன் போன் வரவில்லை. வேலை இருந்திருக்கும். மாப்பிள்ளை இரண்டு தரம் பேசினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மழையைப் பற்றித்தான் பேசினோம். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிடாமல் படுக்கிறாய் என்று மட்டும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. சாப்பிட்டுவிட்டுப் படு.

சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம் தையில். போர் மோட்டார் மறுபடியும் நின்றுவிட்டது. அதை விடு.

உன் வகுப்புக்கு வந்த ஸ்மார்ட் போர்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்கிறவர்கள் கேட்பார்கள். பிள்ளைகள் முன்னாலேயே கேட்பார்கள், சில பேருக்கு இங்கிதம் கிடையாது. கணக்கைக் காட்டிவிட்டு நீ பாட்டுக்கு வகுப்புக்குப் போ. அரை மணி ஓடுகிற வீடியோவை விட, நடுவில் நிறுத்திய இரண்டு நிமிஷ வீடியோ எவ்வளவோ மேல். போன கோடையில் நீயேதான் எனக்குச் செய்து காட்டினாய். டம்ளரில் மிதக்கிற ஐஸ் கட்டி. உருகுவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா என்று கேட்டாய். நோட்டில் எழுதினால்தான் மேலே ஓட்டுவேன் என்றாய். முப்பத்தாறு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன், ஏறும் என்று எழுதினேன். மட்டம் அசையவில்லை. சும்மா பார்த்திருந்தால் 'எனக்குத் தெரியுமே' என்றிருப்பேன். எழுதித் தொலைத்ததால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதனால் உனக்கு நான் சொல்ல வேண்டியது இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். நெட்டை நம்பாதே, முதல் நாள் ராத்திரியே இறக்கி வைத்துக்கொள். (பத்து மணிக்குள். சாப்பிட்ட பிறகு.) கரண்ட் போனால் கையில் சாக்பீஸ் இருக்க வேண்டும். கடைசி பெஞ்சில் ஒருமுறை நீ உட்கார்ந்து பார். ஜன்னல் வெளிச்சம் பட்டு அங்கே வெறும் பளபளப்புதான் தெரியும், அந்தப் பிள்ளைகள் சொல்லவே மாட்டார்கள். கணக்குப் புத்தகத்து இணையச் செயல்பாட்டில் ஜியோஜீப்ரா என்று வடிவம் வரைகிற மென்பொருள் வருகிறதே, அதில் முக்கோணத்தின் முனையை நீ இழுக்காதே, பிள்ளை இழுக்கட்டும். எப்படி இழுத்தாலும் மூன்று கோணமும் சேர்ந்து 180 தான். பிறகு காகித முக்கோணம் வெட்டச் சொல். மூன்று மூலையையும் கிழித்து ஒட்டவைத்தால் நேர்கோடு வந்துவிடும். திரையில் பார்த்ததைக் கை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

இதையும் உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். 2023 ஆகஸ்ட் 23 சாயந்திரம் சந்திரயான் 3 இறங்கியபோது நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. நீயும் பிள்ளைகளை உட்காரவைத்தாய். ஆனால் அதற்கு முந்தின ஞாயிறு சித்தம்பூண்டி வரைக்கும் ஸ்கூட்டியில் போய் ஒரு பை வெள்ளைக் கல் பொறுக்கிக்கொண்டு வந்தாய். நாமக்கல் மாவட்டத்து அந்த அனார்த்தசைட் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ நிலவு மண் மாதிரி தயாரித்து, நிலவில் இறங்குகிற கலமான லேண்டரைச் சோதித்தது என்று சொல்லி, ஆளுக்கு ஒரு கல் கையில் கொடுத்தாயாம். லேண்டர் தரை தொட்டபோது எல்லாரும் கல்லை இறுக்கிப் பிடித்திருந்தார்கள் என்று போனில் சொன்னாய். அதைத் தெருவில் நான் சொல்லாத ஆள் இல்லை.

அப்படி வாரம் ஒன்றாவது சொல்லிக்கொண்டிருந்தவள் இப்போது 'ஸ்கூல் இருக்குப்பா' என்பதோடு வைத்துவிடுகிறாய். குறையாகச் சொல்லவில்லை. குறைதான், வேறென்ன.

உன்னிடம் சொல்லாத ஒன்று. 2005-ல் என் பள்ளிக்கு மூன்று கம்ப்யூட்டர் வந்தது. தலைமையாசிரியர் நான். இருப்புப் பதிவேட்டில் என் கையெழுத்து, தொலைந்தாலும் கெட்டாலும் என் பென்ஷனில் பிடிப்பார்கள் என்று பயம். அறையைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். ஆய்வு நாளில் மட்டும் துணியை எடுப்போம். ஏழாம் வகுப்பில் ஒரு பெண், தினம் வந்து 'சார், இன்னிக்கு சார்?' என்பாள். நாளைக்கு என்பேன். ஒரு வருஷம் நாளைக்கு என்றேன். எட்டாவதோடு அவளைப் பஞ்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். 2011-ல் பொறுப்பு ஒப்படைக்கும்போது பெட்டியைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு. மூன்றிலும் உருப்படியாக இருந்தது அந்த மூடு துணிதான்.

போன மாதம் ரேஷன் கடையில் அவளைப் பார்த்தேன். கையில் பிள்ளை. 'சாவி இன்னும் இடுப்புலதானா சார்?' என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சர்க்கரை வாங்காமல் வந்துவிட்டேன், உன் அம்மா திட்டினாள்.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, பாப்பா. பதிவேடு சரியாக இருந்தது. எல்லா ஆய்விலும் 'நன்று' என்றுதான் எழுதிவிட்டுப் போனார்கள்.

பஸ்ஸில் முறுக்கும் பருப்புப் பொடியும் போட்டுவிடுகிறேன். ஞாயிறு போன் செய்ய முடியாவிட்டால் பரவாயில்லை. நான் ஆறு மணிக்குத் திண்ணையில்தான் இருப்பேன். நான் எழுதியது மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: நீ விட்டுப்போன வெள்ளைக் கல் இங்கே டி.வி. மேல் இருக்கிறது. வேண்டுமென்றால் முறுக்குப் பொட்டலத்திலேயே வைத்து அனுப்புகிறேன்.