உணர்ச்சிவசப்படாமல் முடிவெடுக்கச் சொல்லும் மருத்துவர்களுக்கு

அன்புள்ள மருத்துவர்களுக்கு,

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அம்மாவும் அண்ணனும் நானும் நின்றிருந்தோம். அப்பாவுக்கு ஆபரேஷன் செய்வதா, மருந்திலேயே பார்த்துக்கொள்வதா என்று நாங்கள் சொல்ல வேண்டும். அம்மா அழத் தொடங்கினார். உங்களில் ஒருவர், "உணர்ச்சிவசப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அதன் பிறகு அம்மா பேசவே இல்லை. அண்ணனும் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சதவீதம் கேட்டோம்.

அந்த அறிவுரையைத்தான் மறுபடி யோசிக்கச் சொல்லி இதை எழுதுகிறேன்.

நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ 'எலியட்' என்ற பெயரில் எழுதிய நோயாளியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மூளைக்கட்டியும் அதற்கான அறுவை சிகிச்சையும் அவருடைய நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியைச் சேதப்படுத்தியிருந்தன. பேச்சு, நினைவு, அறிவுத்திறன் எதிலும் சோதனைகளில் குறையில்லை. ஆனால் தன் துயரத்தையே யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார். அலுவலகக் காகிதங்களை எந்த முறையில் பிரிப்பது என்று ஒரு மதியம் முழுக்க யோசிப்பார். வேலை போனது, சேமிப்பு கரைந்தது, மணவாழ்க்கை முறிந்தது. ஒவ்வொரு வழிக்கும் காரணம் சொல்ல அவருக்குத் தெரியும். எது தனக்கு முக்கியம் என்றுதான் தெரியவில்லை.

டமாசியோவின் குழு 1997இல் வெளியிட்ட சீட்டுக்கட்டுச் சோதனையும் எனக்கு மறக்காதது. நான்கு கட்டுகளில் இரண்டு, பெரிய பரிசு காட்டி அதைவிடப் பெரிய நஷ்டத்தில் தள்ளுபவை. எது மோசமான கட்டு என்று வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்பே, அதை எடுக்கப் போகும்போது ஆரோக்கியமானவர்களின் கை வியர்த்தது. எலியட்டைப் போல மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு அப்படி வியர்க்கவில்லை. அறிவுக்குத் தெரிவதற்கு முன்பே உணர்ச்சி எச்சரிக்கிறது என்பது அவர்கள் விளக்கம். இதற்கு வேறு விளக்கம் தரும் ஆய்வாளர்களும் உண்டு.

சரி, உணர்ச்சி ஏமாற்றாதா? ஏமாற்றும். பயத்தில் இருப்பவருக்குச் சின்ன ஆபத்தும் பெரிதாகத் தெரியும். கோபத்தில் இருப்பவருக்குப் பெரிய ஆபத்தும் சின்னதாகத் தெரியும். அதற்கு நீங்களும் விலக்கில்லை. 1982இல் நுரையீரல் புற்றுநோய் பற்றி நடந்த ஆய்வில், அறுவை சிகிச்சைக் காலத்தைத் தாண்டி 100 பேரில் 90 பேர் பிழைப்பார்கள் என்று சொன்னபோது அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதிகம். 10 பேர் இறப்பார்கள் என்று சொன்னபோது குறைந்துவிட்டார்கள். பதில் சொன்னவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். எண்களை இரண்டு விதமாகவும் சொல்லுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால், ஒரு இரவாவது அவகாசம் கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். அப்புறம், யாராவது அழுதால் பேச்சை நிறுத்திவிடாமல், "எதை நினைத்து அழுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நாங்கள் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டோம். பல வாரம் கழித்து அம்மா சொன்னார்: சாவதைவிட, படுக்கையில் கிடந்து பிறர் கையால் சாப்பிடுவதற்குத்தான் அப்பா அதிகம் பயந்தாராம். அம்மாவிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அழாமல் அதை எப்படிச் சொல்வது?" என்றார்.

அன்புடன்,
ஒரு மகள்