குன்னூர் மண்டபத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

துரைமார் நடனமாடக் கட்டிய மண்டபத்துக்கு ‘திருப்பணி’ என்ற சொல் பொருந்துமா என்று போன பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். இப்போது அவரே ‘திருப்பணி’ என்றுதான் சொல்கிறார். வேலை முடிந்துவிட்டது. இனி இங்கே கல்யாண வரவேற்பு கிடையாது, கச்சேரி மட்டும்தான்.

தாமதத்துக்குக் காரணம் சுவர். முன்பு ஒரு காண்டிராக்டர் சுண்ணாம்புக் காரையின் மேல் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருந்தார். வெளியே வழவழப்பு, உள்ளே ஈரம் போக வழியில்லாமல், நகத்தால் சுரண்டினாலே செங்கல் மாவாகக் கொட்டியது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பைப் பூசினோம். ஊரில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை விடாது. காரை காயவே இல்லை. “அவசரப்பட்டா சுவரு பேச்சு கேக்காதுங்க” என்றார் கொத்தனார். இரண்டாம் பூச்சுக்கு ஜனவரி வெயில் வரும்வரை காத்திருந்தோம்.

மேடைப் பலகையைப் பெயர்த்தபோது அடியில் எலிக்கூடு, முழுக்க ஷட்டில் பந்தின் இறகால் கட்டியது. மண்டபம் பேட்மிண்டன் கோர்ட்டாக இருந்த காலத்துச் சொத்து! உளுத்த பலகைகளை மட்டும் மாற்றினோம்.

அப்புறம் தகரக் கூரை. மழை பெய்தால் வயலின் வில் அசைவது தெரியும், சத்தம் வராது. ஓடு போட்டால் பழைய மரச்சட்டம் எடை தாங்காது. அதனால் தகரத்துக்கும் உள்கூரைப் பலகைக்கும் நடுவே தென்னைநார்ப் பாய் விரித்திருக்கிறோம். சாரலுக்குப் போதும். கொட்டுமழைக்கும் போதும் என்று சொன்னால் அது பொய்.

வெள்ளோட்டத்துக்கு நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர் கலைஞர்கள் ‘கொள்’ என்ற ஊதுகுழலும் பறையும் கொண்டுவந்து வாசித்தார்கள். மைக் வைக்கவில்லை. வெறும் சுவரும் மரத்தரையுமாக இருந்ததால் ஓர் அடி அடங்குவதற்குள் அடுத்த அடி அதன்மேல் ஏறியது. பின்சுவரில் கனத்த திரை தொங்கவிட்ட பிறகு தெளிந்தது. ஆட்கள் நிறைந்தால் இன்னும் அடங்கும்.

சுற்றிலும் குடியிருப்பு. இரவு 10 மணிக்கு மேல் மூடிய அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். நாங்கள் ஒன்பதரைக்கே மங்களம் பாடிவிடுவோம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை, கலைஞர்களை அழைக்கும் உறுப்பினர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

வரவு செலவு ரசீதுகள் அலுவலக அலமாரியில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். பாக்கி ஒன்றே ஒன்று: பின்பக்கக் கழிவறைத் தாழ்ப்பாள். தச்சர் வியாழக்கிழமை வருகிறார்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி