கருப்பட்டி முடிச்சு

தக்கலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூத்தவளுக்கு முதல் வகை சர்க்கரை நோய் என்று படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தினம் நாலு ஊசி என்று எழுதியிருக்கிறாய். அதையெல்லாம் டாக்டர் சொல்லித் தருவார், நீயும் பழகிக்கொள்வாய். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "இளையவன் பாவம், ஒரு தொந்தரவும் இல்லை, தானுண்டு தன் பாடுண்டு என்று இருக்கிறான்" என்று, அதில்தான் என் மனசு நின்றுவிட்டது.

பிள்ளே, நானும் அப்படித்தான் இருந்தேன்.

1983இல் தம்பிக்கு இது வந்தபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பத்து. திருவட்டாறு வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஈரமணல் போட்ட மண்சட்டியில்தான் இன்சுலின் குப்பி இருக்கும். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க, காலையில் சோதனைக்குழாயில் பெனடிக்ட் கரைசல் 5 மில்லி ஊற்றி, அவன் சிறுநீரில் 8 சொட்டு விட்டுக் காய்ச்சுவது என் வேலை. நீலமாகவே நின்றால் அம்மா முகம் தெளியும். பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் தாண்டிச் செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் பேச்சே இருக்காது. நான்தான் ஏதோ தப்பாகக் காய்ச்சிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

முந்திரிக்கொத்து செய்வது நின்றது. மட்டி வாழைக்குலை கட்டித் தொங்கவிடுவதும் நின்றது. எனக்கு ஆசை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

தம்பிக்குச் சுகர் இறங்கினால் கொடுக்க, ஒரு துண்டுக் கருப்பட்டியை அம்மா என் பாவாடை இடுப்பில் முடிந்துவிடுவாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. முடிச்சை அவிழ்த்தேன். ஒன்றுமில்லை. மத்தியானமே நான் தின்றிருந்தேன். டீக்கடைக்காரர் சீனியைக் கரைத்துப் புகட்டித்தான் தெளிந்தான். அம்மாவிடம், கருப்பட்டி கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்றைக்கு உன்னிடம்தான் முதல்முதலாகச் சொல்கிறேன்.

தம்பி நன்றாக இருக்கிறான். குலசேகரத்தில் ரப்பர் கடை, இன்சுலினுக்கு இப்போது பேனா ஊசி. மகள் கல்லூரிக்குப் போகிறாள்.

அந்த நாட்களில் ராத்திரி தாகம் எடுத்தால் எனக்கும் வந்துவிட்டதோ என்று பயந்து, தண்ணீர் குடிக்காமலே படுத்திருக்கிறேன். தம்பி தலையில் குட்டினேனே, அதனால்தான் அவனுக்கு வந்தது என்றும் நம்பியிருந்தேன். இது ஒட்டும் நோய் இல்லை, இனிப்பு தின்று வந்ததும் இல்லை, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிடுவதால் வருவது என்று அப்போது யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ இளையவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல். கோபம் வருகிறதா என்று கேள். வருகிறது என்றால் திட்டாதே. அக்காவைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவன் தலையில் வைக்காதே, அவனாகச் செய்தால் செய்யட்டும்.

மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு வருவாய்தானே? அவனை ரெண்டு நாள் என்னிடம் விட்டுவிட்டுப் போ. மண்டையப்பம் வாங்கிக் கொடுத்து, கடற்கரையில் அவன் இஷ்டத்துக்கு விளையாடவிடுகிறேன். அவனுக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி