லாட்டரி விழுந்தால் பெட்டியோடு வாங்குவேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லாட்டரியில் பெரிய பரிசு விழுந்தால் எந்த அரிய நாணயத்தை வாங்குவீர்கள் என்று கேட்டு, வாசகர்கள் எழுதிய பதில்களை ஞாயிறு இணைப்பில் போட்டிருந்தீர்கள். ஒருவர் அமெரிக்காவின் 1933-ஆம் ஆண்டு 20 டாலர் தங்கக் காசைக் கேட்டிருந்தார். நாலரை லட்சத்துக்குப் பக்கமாக அடித்து, வெளியே விடாமல் உருக்கிவிட்டார்கள். தப்பிய சிலவற்றில் ஒன்றை மட்டும்தான் தனியார் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தக் காசு 2021-இல் நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 138 கோடி ரூபாய். கேரளத்து ஓணம் பம்பரின் முதல் பரிசே 25 கோடிதான். அதிலும் ஏஜெண்ட் கமிஷன், 30 சதவீத வருமான வரி, அதன் மேல் சர்சார்ஜ், செஸ் எல்லாம் போனால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கையில் நிற்கும். அடகுக்கடையில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் நான். எந்த வரவைச் சொன்னாலும் கழிவுதான் முதலில் கண்ணில் படுகிறது.

சரி, கழிவு போக மிச்சம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நான் தனிக் காசு எதையும் வாங்கமாட்டேன். பெட்டியோடு வாங்குவேன்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் இரும்புப் பெட்டகம் இல்லாத வீடு குறைவு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் பார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்ததெல்லாம் அதற்குள்தான் போகும். வீடு பாகம் பிரிக்கும்போதுதான் பல பெட்டகங்கள் திறக்கின்றன. பங்காளி வீட்டுப் பாகப்பிரிவினை ஒன்றுக்குக் கணக்கு எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அடித்தட்டில் ஒரு காடாத் துணி முடிச்சு. அவிழ்த்தால் ஒரு கையால் அள்ள முடியாத அளவுக்கு வெள்ளி டாலர்கள், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய்கள், மாலைக்காக வளையம் பற்றவைத்த சில சவரன் தங்கக் காசுகள், ஜப்பான்காரன் மலேயாவில் அடித்த வாழைமரத்து 10 டாலர் நோட்டு ஒரு கட்டு. கூடவே பழுப்பேறிய துண்டுச் சீட்டு ஒன்று. பென்சிலில் ‘பினாங்கு வரவு’ என்று எழுதி, கீழே தமிழ் ஆண்டும் மாதமும் இருந்தன.

முதலில் ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளலாம் என்றேன். “காசுதானே அண்ணே, எடை சரியா இருந்தாப் போதும்” என்றார்கள். பத்தர் தராசை எடுத்தார். வெள்ளி தனி, தங்கம் தனி என்று எடை போட்டு ஐந்து பங்கு வைத்தார். நோட்டுக் கட்டைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள். துண்டுச் சீட்டு குப்பைக்குப் போனது. சண்டை சச்சரவு இல்லாமல் சுமுகமாகப் பிரிந்தார்கள், அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த முடிச்சு என்று ஒன்று அன்றோடு உலகத்தில் இல்லை.

என்ன போயிற்று என்று கேட்பவர்களுக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து ஒரு கதை சொல்கிறேன். ஆலங்குடி வட்டத்துக் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் ஒரு பானை கிடைத்தது. உள்ளே 501 ரோமானியத் தங்கக் காசுகள். எந்த ஊரில், எதற்குள், எத்தனை என்று அன்றைக்கே எழுதி வைத்தார்கள். அதில் ஒரு பகுதி பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. அத்தனையும் ஒரே பானையில் இருந்தது என்று தெரிந்ததால்தான், அவற்றில் கடைசியாக வருபவன் வெஸ்பாசியன் என்ற மன்னன், அவன் ஆட்சி கி.பி. 69 முதல் 79 வரை, ஆகவே பானை மண்ணுக்குள் போனது அதற்கு முன்னால் இருக்க முடியாது என்று சொல்ல முடிகிறது. தனித்தனியாக 501 பேரிடம் போயிருந்தால் எல்லாம் தங்கம், அவ்வளவுதான்.

அந்தப் பானையில் இன்னொரு விஷயமும் உண்டு. பெரும்பாலான காசுகளில் மன்னன் தலைக்குக் குறுக்கே உளி வைத்து ஒரு வெட்டு. இங்கே செலாவணியாகாமல் இருக்க வெட்டினார்கள் என்பார்கள் சிலர், தங்கம்தானா என்று சோதித்தது என்பார்கள் வேறு சிலர். இப்படி வெட்டுப்பட்ட ரோமானியக் காசுகள் வெளிநாட்டு ஏலங்களில் அவ்வப்போது வருகின்றன. சேதாரம் என்று விலையைக் குறைப்பார்கள். லாட்டரிப் பணத்தில் ஒரே ஒரு சபலத்துக்கு இடம் கொடு என்று யாராவது சொன்னால், மாசுமருவற்ற காசை விட்டுவிட்டு அந்த வெட்டுக் காசைத்தான் கேட்பேன். ரோமாபுரியில் அடித்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வெட்டு நம் பக்கத்துக் கை போட்டதாயிற்றே!

பங்காளி வீட்டு டாலரும் இதே சாதிதான். 1895 முதல் 1935 வரை வந்த பிரிட்டிஷ் வர்த்தக டாலர். பெரும்பாலும் பம்பாயில் அடித்தது. சுமார் 27 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. ஒரு பக்கம் பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா திரிசூலம் பிடித்து நிற்பாள், பின்னால் கடலில் ஒரு கப்பல். மறுபக்கம் நடுவில் சீன எழுத்து, சுற்றிலும் சீனத்திலும் மலாயிலும் ஒரு டாலர் என்று இருக்கும். திரிசூலத்தின் நடுமுனையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் பொடியாக ஒரு ‘பி’ தெரியும், அது பம்பாய் முத்திரை. சில காசுகளில் அங்கங்கே சின்னச் சின்னக் குத்து இருக்கும். சீன வணிகர்களும் காசு மாற்றுபவர்களும் நல்ல வெள்ளி என்று சரிபார்த்துப் போட்ட குத்து அது. 1935-ஆம் ஆண்டுக் காசு அபூர்வம், அடித்ததில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது. அந்த ஐந்து பங்கில் 1935 இருந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? பத்தர் தராசுக்கு எல்லா டாலரும் ஒரே டாலர்.

சவரனிலும் இப்படி ஒன்று உண்டு. முதல் உலகப் போர் சமயத்தில் 1918-இல் மட்டும் பம்பாயில் சவரன் அடித்தார்கள். பின்பக்கத்துக் குதிரைவீரனின் குதிரைக் காலடியில், ஆண்டு எண்ணுக்கு மேலே ஓடும் தரைக்கோட்டில் சின்னதாக ஆங்கில ‘ஐ’ இருக்கும். அதே ஆண்டு அதே எடையில் 15 ரூபாய் தங்கக் காசும் வந்தது. நம் வீட்டுக் காசுமாலைகளில் இவை கோத்துக் கிடக்கலாம். மாலைக்காக வளையம் பற்றவைத்ததைக் கடைக்காரர்கள் பெரிய குறை என்பார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, அந்த வீட்டுப் பெண் கழுத்தில் கிடந்ததற்கு அதுதானே சாட்சி. ஆனால் பழங்காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருகிறார்களே, அதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. தயவுசெய்து வெறும் தண்ணீர்கூடப் படாமல் வையுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். பல சமயம் உலைக்குப் போயிருக்க வேண்டியதைக் காப்பாற்றி வைத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்களிடம் வருபவர் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய ஒரு காசைத்தான் கேட்கிறார். அதனால் அவர்களும் பிரித்துத்தான் விற்க வேண்டும். முழு முடிச்சையும் துண்டுச் சீட்டோடு, பேரேட்டோடு சேர்த்து வாங்க ஆள் இல்லை. பேரேடு பழைய பேப்பர் விலைக்குப் போகிறது. எந்தக் கிட்டங்கியின் (கடல் கடந்த ஊர்த் தொழிலகம்) கணக்கு, யார் மேலாள் (அங்கே பொறுப்பாளர்), யார் அடுத்தாள் (அவருக்கு அடுத்தவர்), எந்த வருஷம் ஐந்தொகை (வரவு செலவு நிலைக் கணக்கு) போட்டார்கள் என்று அத்தனையும் எழுதிய ஏடு அது. 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்த வருஷத்துப் பக்கமும், அதே வருஷம் பெட்டிக்குள் வந்த காசும் ஒரே இடத்தில் இருந்தால் எவ்வளவு புரியும்! லாட்டரிப் பணத்தில் பெரும்பங்கு எனக்கு இதற்குத்தான்.

அதற்காக என் சொந்த ஆசை ஒன்றுமே இல்லை என்று சொன்னால் எங்கள் வீட்டு ஆச்சி சிரிப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த வெள்ளி அரை வராகன் ஒன்று வேண்டும். ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் பெருமாள், சுற்றித் தமிழும் தெலுங்கும். வெள்ளைக்காரக் கம்பெனி கோபுரம் போட்டுக் காசு அடித்ததைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி போட்ட கடைசி ரூபாய் அது. அடுத்த வருஷமே வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள். இதில் போலி அதிகம், 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்பவர்கள் உண்டு. பம்பரே விழுந்தாலும் லென்ஸும் தராசும் இல்லாமல் இதைத் தொடமாட்டேன்.

புதுக்கோட்டை அம்மன் காசுக்கு லாட்டரியே தேவையில்லை. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. நவராத்திரியில் தொண்டைமான் அரண்மனையில் அரிசியோடு கொடுத்த பொடிச் செப்புக் காசு. என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது, கோடி ரூபாய் கொடுத்தாலும் அதைவிட நிம்மதியான காசு கிடைக்காது.

கோடி என்றதும் நினைவுக்கு வருகிறது. வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கும் டிராக்டர் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கும் லட்சக்கணக்கில் தருகிறோம் என்று செல்போனில் வருவதை நம்பி, எங்கள் தெருப் பையன் ஒருவன் ‘பதிவுக் கட்டணம்’, ‘ஜிஎஸ்டி’ என்று பணம் கட்டி ஏமாந்தான். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் தன் பெயரைச் சொல்லி இப்படி நடக்கிறது என்று எச்சரித்தது. காசு வாங்குகிறேன் என்பவன் முதலில் உங்களிடம் காசு கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்று எவர் கொண்டுவந்தாலும் அதையும் வாங்கமாட்டேன். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷம் தாண்டிய காசை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மண்ணுக்குள்ளிருந்து வருவது புதுக்கோட்டை திருக்கோகர்ணத்து அரசு அருங்காட்சியகத்துக்குப் போகட்டும், பெட்டகத்துக்குள்ளிருந்து வருவதுதான் என் கவலை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை கேள்வி கேட்கும்போது, உங்கள் வீட்டில் இருக்கும் பழங்காசை எந்த ஊரிலிருந்து யார் கொண்டுவந்தார்கள் என்று கேளுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே பதில் எழுதி வாங்கிவிட வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கை முதலில் பதிந்துவைக்கிறேன்: ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் (பினாங்கு, சிங்கப்பூர்ப் பக்கத்துப் பிரிட்டிஷ் ஆட்சிக் காசு) ஒன்று, 1904, ஏழாம் எட்வர்ட் தலை, பம்பாய் முத்திரை. எங்கள் அப்பச்சி பினாங்கில் அடுத்தாளாக இருந்து கணக்கு முடித்துக் கிளம்பியபோது முதலாளி கையில் கொடுத்தது. வளையம் இல்லை, தேய்க்கவில்லை, விற்பனைக்கு இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அடகுக்கடைக் கணக்கர்,
காரைக்குடி