முதல் சொல்லை விழுங்கும் கம்ப்யூட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலக்கோட்டில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை இயங்குதளம் போட்டிருக்கிறேன். மகள் ஆங்கில அகராதியில் ஒரு சொல்லைச் சொடுக்கினால் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும், சொல் வராது, உடனே மறுபடி சொடுக்கினால் தெளிவாகக் கேட்கும். ரிப்பேர் கடையில் ஸ்பீக்கரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், எண்ணூறு ரூபாய் போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் புரிந்தது. லினக்ஸில் ஒலி சிப்பை இயக்கும் மென்பொருளான இன்டெல் எச்டி ஆடியோ டிரைவருக்கு, மின்சாரம் மிச்சப்படுத்த 'பவர் சேவ்' என்றொரு அமைப்பு உண்டு, அதில் 10 என்று இருந்தால் 10 விநாடி சத்தம் இல்லாதபோது ஒலி சிப் தூங்கப் போய்விடும், எழுந்து வருவதற்குள் அரை விநாடிச் சொல் முடிந்தே போகும். அந்த 'டப்' அது எழுகிற சத்தம். எண்ணை 0 ஆக்கினேன், அதாவது தூங்கவே வேண்டாம் என்று, சரியாகிவிட்டது. லேப்டாப்பில் பேட்டரிக்காக இது இருக்கட்டும், எப்போதும் பிளக்கில் கிடக்கும் டெஸ்க்டாப்புக்கு எதற்கு?

இன்னொன்று, கேட்கவில்லையே என்று வால்யூமை 100க்கு மேல் 150 வரை ஏற்றாதீர்கள். அது மென்பொருள் ஊதிப் பெருக்குவது, குரல் கரகரக்கும்.

வால்யூம் பட்டைக்குப் பக்கத்திலேயே இந்தத் தூக்கத்துக்கும் ஒரு பொத்தான் வைத்திருக்கலாம். உங்கள் கணினிப் பகுதியில் இதை எழுதினால் யாராவது ஒருவருக்காவது ஸ்பீக்கர் காசு மிஞ்சும்.

ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்