கடல் இல்லாத ஊரில் கடல் படம்: ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் நடத்திய கடலோரப் படங்களின் திரையிடல் ஒருவழியாக நல்லபடியாக முடிந்தது. நேரில் பார்த்து நன்றி சொல்ல முடியாமல் போனவர்கள் நிறையப் பேர், அதனால்தான் இந்த மடல். நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று நம்ம ஊரை நாமே கிண்டல் பண்ணிக்கொள்வோம் இல்லையா, வேலூர்க்காரருக்குக் கடல் என்றால் எப்போதாவது போகிற மெரினா, மற்றபடி எல்லாம் சினிமாவில் பார்த்ததுதான். அந்தச் சினிமாக் கடல் எவ்வளவு நிஜம் என்று அங்கே பிழைக்கிறவர்களையே பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுவிடலாம் என்று ஆசைப்பட்டோம்.

முதல் நன்றி காசிமேட்டு அண்ணனுக்கு. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதனால்தான் அவர் எங்களுக்குக் கிடைத்தார். அதற்காக அது சும்மா இருக்கிற காலம் என்று நினைத்துவிடாதீர்கள், எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பது, படகுக்குப் பெயிண்ட் அடிப்பது, வலையைச் சரிபண்ணுவது எல்லாம் அப்போதுதான். அத்தனையையும் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார்.

1981இல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை', 1986இல் வந்த 'கடலோரக் கவிதைகள்', பாரதிராஜாவின் இந்த இரண்டுமே கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் எடுத்தவை. அந்தப் பாறைகளைப் பார்த்துப் பார்த்துக் கடற்கரை என்றாலே பாறை இருக்கும் என்று நம்மில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறோம். மாமல்லபுரம் மாதிரி ஒன்றிரண்டு இடத்தை விட்டால் நம்ம சோழமண்டலக் கரை முழுக்க மணல்தான். படம் முடிந்து பேசும்போது அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: "சினிமால சூரியன் கடல்ல முழுகுதுபா. எங்க பக்கம் அது கடல்லேர்ந்து எந்திரிச்சு வரும். முழுகுறது உங்க வேலூர் பக்கந்தான்." அரங்கமே சிரித்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், சரிதானே?

1964இல் வந்த 'படகோட்டி'க்கு நல்ல கூட்டம். எம்.ஜி.ஆர். சட்டையில் ஒரு செதில்கூட ஒட்டவில்லையே என்று பின்வரிசைப் பசங்க கத்தினாலும், மீனவர்களை மோதவிட்டுப் பிழைக்கிற பணக்காரன் கதையை அண்ணன் லேசில் விடவில்லை. படகுக்கு முன்பணம் கொடுத்தவர்தான் பல இடங்களில் ஏலமும் விடுவாராம், விற்ற காசில் கமிஷன் பிடித்துக்கொண்டுதான் மீதி கைக்கு வருமாம். இந்தக் கணக்கு வழக்கை ஒரு படம் பொறுமையாக உட்கார்ந்து காட்டியிருந்தால் எப்படி இருக்கும்! நம்ம படங்கள் பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிடுகின்றன என்பது என் வருத்தம். காதல் உண்டு, சண்டை உண்டு, திருவிழா உண்டு. டீசல் விலை கிடையாது, ஐஸ் பெட்டி கிடையாது, ஆழ்கடலில் படகிலேயே சோறு பொங்கி நாள்கணக்கில் கிடக்கிற ஆட்கள் கிடையாது. 2012இல் வந்த 'நீர்ப்பறவை' கடலில் சுடப்படுகிற மீனவனைப் பற்றிப் பேசியதால் அதற்குப் பிறகு கேள்விகள் கொட்டின, மண்டபத்து வாட்ச்மேன் வந்து விளக்கை அணைத்த பிறகுதான் கிளம்பினோம். (வாட்ச்மேன் ஐயா, உங்களுக்கும் நன்றி, மன்னிக்கவும்.)

மீன் மார்க்கெட் அக்காவைச் சொல்லாமல் விட்டால் அடுத்த தடவை சங்கரா மீன் எனக்குக் கிடைக்காது. பிறந்தது பழவேற்காடு, வாக்கப்பட்டது இங்கே. ராமு காரியாட்டின் 'செம்மீன்' போட்டோம், 1965ஆம் வருஷத்து மலையாளப் படம், தென்னிந்தியாவிலேயே முதன்முதலில் ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கியது. கரையில் மனைவி தப்பு செய்தால் கடலுக்குப் போன புருஷன் திரும்ப மாட்டான் என்கிற நம்பிக்கையைச் சுற்றித்தான் கதையே. எல்லாரும் பாட்டையும் நிறத்தையும் மெச்சிக்கொண்டிருக்க, அக்கா எழுந்து கேட்டார்: "காத்து திரும்பினாலோ எஞ்சினு நின்னாலோ ஆளு வரமாட்டான். வூட்ல கீற பொம்பள அதுக்கு இன்னா பண்ணுவா?" எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன், இந்தக் கேள்விக்குப் பிறகு அந்தப் படத்தை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியாது. வசனங்களை உடனுக்குடன் தமிழில் சொன்ன மலையாளி நர்ஸ் சேச்சிக்கும் நன்றி, நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்தவர், முதலில் பக்கத்து சீட்டுக்கு மட்டும் கிசுகிசுத்தார், பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டதும் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டோம்.

கடைசி நாள் அண்ணன் வலை ஊசியும் நூலும் எடுத்து வந்திருந்தார். கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கண்ணி கண்ணியாக அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டே போக, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள், அடுத்த படம் அரைமணி நேரம் தள்ளிப்போனதை யாரும் கேட்கவே இல்லை.

இடம் தருகிறேன் என்று கடைசி நேரத்தில் கையை விரித்தவர்களைப் பற்றி இங்கே வேண்டாம். கேட்டதும் மாடி ஹாலைத் திறந்துவிட்ட மண்டபக்காரர், புரொஜெக்டர் கொடுத்த போட்டோ ஸ்டூடியோ தம்பி, கரண்ட் போனபோது ஜெனரேட்டரோடு ஓடிவந்த பந்தல்காரர், ஆற்காட்டிலிருந்து எல்லாருக்கும் மக்கன் பேடா வாங்கி வந்த ரிட்டயர்டு வாத்தியார், உங்கள் எல்லாருக்கும் பெரிய நன்றி. தடைக்காலம் முடிந்ததும் விடியற்காலை ஏலம் பார்க்க வரச்சொல்லி அண்ணன் கூப்பிட்டிருக்கிறார், வேன் பிடிக்கப் போகிறோம், வருகிறவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், மூடியில் ரோஜாப்பூ போட்ட எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. யாருடையதோ, வந்து வாங்கிக்கொள்ளவும்.