விலைப்பட்டியலில் அந்த ஒரு வரி

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள கவிதா,

நீ இன்சூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு அழகுக்கலை படிக்கப் போகிறாய் என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. அப்பாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் பி.எஃப். பணத்தில் கை வைக்காதே என்பதைத் தவிர வேறெதுவும் அவர் சொல்லவில்லை. உன் பெரிய அத்தைதான், "இந்த வயதில் அடுத்தவர் காலைப் பிடிக்கப் போகிறாளா?" என்று கேட்டார். கேட்டது யாரிடம்? ஓய்வு பெறும்வரை நர்ஸாக இருந்த என்னிடம். "நான் பிடிக்காத காலா அண்ணி?" என்றேன். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தார். அவர் கணவர் முடி வெட்டினார், கட்டி வந்தால் கீறி மருந்து வைத்தார். உடம்பைத் தொட்டுச் செய்கிற வேலையெல்லாம் அந்த ஒரு குடும்பத்தின் தலையில். அவர்கள் இல்லாமல் ஊரில் பிறப்பும் கிடையாது, கல்யாணமும் கிடையாது, சாவும் கிடையாது. ஆனால் திண்ணையில் உட்காருங்கள் என்று அவர்களிடம் சொன்னவர்கள் குறைவு. அத்தையின் கேள்வி அங்கிருந்து வருகிறது. அவருக்கே அது தெரியாது. நான் நர்ஸ் படிப்பில் சேர்ந்தபோதும் இதே கேள்விதான் வந்தது. ஆகவே ஊர் என்ன சொல்லும் என்பதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

எனக்குப் பிடிக்காதது வேறு. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலைப்பட்டியலில் 'ஸ்கின் ஒயிட்டனிங் பேக்கேஜ்' என்று ஒரு வரி இருக்கிறது. இருப்பதிலேயே அதிக விலையும் அதற்குத்தான். அதை எடுத்துவிடு.

தோலில் நிறமியை உண்டாக்கும் செல்கள் கறுப்பாக இருப்பவருக்கும் சிவப்பாக இருப்பவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு மெலனினைச் செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். ஃபேஷியலால் அதை மாற்ற முடியாது. ப்ளீச் போட்டால் பெரும்பாலும் முகத்துப் பூனைமுடிதான் வெளுக்கும். வெயிலில் கறுத்தது தெளியும், அதற்கு சன்ஸ்கிரீனும் பொறுமையும் போதும். மஞ்சள் பூசினால் நிறம் வரும் என்று உன் பாட்டி சொல்வார். லீ பஜாரில் மஞ்சள் மூட்டை தூக்குகிறவர்களை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒருவரும் வெளுத்தபாடில்லை.

சும்மா ஏமாற்று என்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். வெளுக்கும் என்று சொல்லி லேபிள் இல்லாத டப்பாவில் விற்கிற களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், சிலவற்றில் பாதரசமும். முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்கள் சிவப்பு நூல்போலத் தெரியும், பரு கிளம்பும், வேண்டாத இடத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல், எரிகிறதே என்று மறுபடியும் பூசுவார்கள். ஏற்காட்டில் வேலை பார்த்தபோது, காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிற ஒரு பெண் கல்யாணம் நிச்சயமானதும் இப்படி ஒன்றை வாங்கிப் பூசிக்கொண்டு வந்து நின்றாள். முகம் தீப்பட்டதுபோல் இருந்தது. அதைப் படிப்படியாக நிறுத்தித் தேற்றுவதற்குள் அவளுடைய கல்யாணமே முடிந்துவிட்டது. போட்டோவில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள்.

உன்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் நிறத்தைப் பற்றி வாயைத் திறந்ததும் நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். அவர்கள் சொன்னதையே, காசும் வாங்கிக்கொண்டு, இன்னொரு பெண்ணிடம் நீ சொல்ல வேண்டுமா?

மற்றபடி இந்தத் தொழிலைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. உன் பாடத்திட்டத்தில் மணப்பெண் அலங்காரம் முதலில் இருக்கிறது, தோலும் சுகாதாரமும் கடைசியில் இருக்கின்றன. நீ அந்த வரிசையைத் தலைகீழாக்கிப் படி. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். அது பரவ ஒரு பிளேடு, ஒரு நகவெட்டி போதும். ஆகவே கருவிகளை டெட்டால் தண்ணீரில் முக்கி எடுத்தால் ஆயிற்று என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் அங்கே படிக்காதே. உலோகக் கருவி என்றால் அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ்: 121 டிகிரியில் 15 நிமிடம். உனக்கும் தடுப்பூசி வேண்டும். முதல் ஊசி போட்டு ஒரு மாதம் கழித்து அடுத்தது, ஆறாவது மாதம் மூன்றாவது. வேலையில் இறங்குவதற்கு முன்பே தொடங்கிவிடு. வாக்ஸில் ஒருமுறை தொட்ட குச்சியை மறுபடி டப்பாவில் விடாதே. புருவம் எடுக்கும்போது நூலை வாயில் கடித்துக்கொள்கிறார்களே, அதை என்னால் பார்க்க முடியாது. கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுக்கவும் வழி இருக்கிறது, அதைப் பழகு.

தொடுவதற்கு முன்னால் கேள். பெடிக்யூர் என்று வருகிறவரிடம், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்காமல் காலை வெந்நீரில் வைக்காதே. உணர்ச்சி மரத்த காலுக்குச் சூடு தெரியாது. சின்னக் கீறல் ஆறாமல் புண்ணாகி விரலை எடுக்க வேண்டிவந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வாக்ஸ் போட்டால் முடியோடு தோலும் வரும். மாத்திரையை விட்ட பிறகும் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல். ஹேர் டையை முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, 48 மணி நேரம் பார்த்த பிறகு தலையில் போடு. தாடையில் முடி வளர்கிறது என்று அடிக்கடி வந்து நிற்கிற சின்னப் பெண்ணிடம், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று மெதுவாகக் கேள். சினைப்பையில் நீர்க்கட்டியாக இருக்கலாம், டாக்டரிடம் அனுப்பு. அவளிடம் இதை முதலில் கேட்கிற ஆள் நீயாகவே இருக்கலாம்.

பண விஷயம். ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி ஓராண்டுப் படிப்பு இருக்கிறது, அதையும் விசாரி. பெரிய கட்டணம் கேட்கிற இடமெல்லாம் சிடெஸ்கோ பெயரைச் சொல்லும். 1946இல் பெல்ஜியத்தில் தொடங்கிய அழகுக்கலை அமைப்பு, அதன் டிப்ளமோவுக்கு வெளிநாட்டில் மதிப்பு உண்டு. அஸ்தம்பட்டியில் அதைக் கேட்டு யாரும் புருவம் எடுக்க வரமாட்டார்கள். வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் மட்டும் யோசி. கடனுக்கு முத்ரா இருக்கிறது, சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை தருகிறார்கள். தொடக்கத்துக்கு அதற்கு மேல் வாங்காதே. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே திரளும், ஆனால் புருவம் எடுப்பதற்கு மேல் யாரும் செலவு செய்யமாட்டார்கள். தையிலும் வைகாசியிலும் வருவதை எடுத்து வைத்துத்தான் அந்த மாதங்களின் வாடகையைக் கொடுக்க வேண்டும். ஃபேர்லேண்ட்ஸில் கடை பார்க்கிறேன் என்கிறாய். முதலில் நம் வீட்டு முன்னறையில் உட்கார். அப்பாவின் சைக்கிளும் பழைய பேப்பரும்தான் அங்கே குடியிருக்கின்றன.

நாள் முழுக்க நிற்கிற வேலை, காலில் நரம்பு சுருண்டுகொள்ளும். என் காலைத்தான் பார்த்திருக்கிறாயே. உட்கார்ந்து செய்ய முடிந்ததை உட்கார்ந்தே செய்.

அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ பட்டியலைத் திருத்தி அனுப்பு. அடுத்த முறை வரும்போது தோல் பற்றிய பாடப் புத்தகத்தை எடுத்து வா, அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா